காலைப் பத்திரிகையே பாடப் புத்தகம்!

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் வந்து நின்று விடுகிறது. தோளில் பை. கையில் தண்ணீர் பாட்டில். பைக்குள் சாப்பாட்டு டப்பா. கக்கத்தில் மடித்து வைத்த பத்திரிகை.

சினிமாவுக்கு டிக்கெட் வாங்க நிற்கும் கூட்டமா? அல்ல. கலெக்டர் ஆவதற்காகப் படிக்க வந்திருக்கும் வாலிபர்களும் இளம் பெண்களும்தான் அவர்கள். சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதப் போகிறவர்கள்.

இவர்கள் பத்திரிகை படிக்கிற விதமே தனி. கொலை, கொள்ளைச் செய்திகளை ஒரே தள்ளாகத் தள்ளி விடுவார்கள். சினிமாப் பக்கத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். (சிலர் கடைசியில் ஒளித்து வைத்துப் படிப்பது உண்டு. அது வேறு விஷயம்.) மற்றவர்கள் கண்ணில் படாத ஒரு மூலையில், "மத்திய மந்திரிசபை ஒப்புதல்" என்று நாலு வரிச் செய்தி வந்திருக்கும். அங்கே போய் நின்று விடுவார்கள். பென்சில் வேலை செய்யும். எந்த இலாகா? எந்தச் சட்டம்? அந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது? பணம் மத்திய சர்க்கார் தருகிறதா, மாநிலமும் பங்கு போடுகிறதா? நாலு வரிச் செய்தி நாற்பது வரிக் குறிப்பாகி விடும்.

இதற்குப் பெயர்தான் "நடப்பு நிகழ்வுகள்". சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்களைத் தூங்க விடாத பாடம் இது.

ஒரே வரிப் பாடத்திட்டம்

சரித்திரத்துக்குப் புத்தகம் உண்டு. பூகோளத்துக்குப் புத்தகம் உண்டு. அரசியல் சட்டத்துக்கு அதுவே புத்தகம். ஆனால் நடப்பு நிகழ்வுகளுக்கு? முதல் நிலைப் பரீட்சையின் பாடத்திட்டத்தில் அதற்கு இருப்பது ஒரே ஒரு வரி. தேசிய, சர்வதேச முக்கியத்துவம் உள்ள நடப்பு நிகழ்வுகள் என்பதுதான் அந்த வரி. எதிலிருந்து எது வரை என்று சொல்லவில்லை. எவை முக்கியம் என்றும் சொல்லவில்லை.

மற்ற புத்தகங்களுக்கு எல்லாம் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கும். இதற்குக் கிடையாது. இரவு படித்து முடித்து விளக்கை அணைத்தால், மறுநாள் காலை முதல் பக்கம் மறுபடியும் வாசலில் வந்து விழுகிறது!

அதோடு போகிறதா? முதல் நிலைப் பரீட்சையில் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள். 200 மார்க்கு. 2 மணி நேரம். தப்பான விடை எழுதினால் அந்தக் கேள்விக்கு உரிய மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. தெரியாததை விட்டு விடுவதா, துணிந்து ஒன்றைக் குறிப்பதா என்பதே பெரிய மனப் போராட்டம். முன்பெல்லாம் சொல்லப்பட்ட மூன்று வாக்கியங்களில் ஒன்று தப்பு என்று தெரிந்தாலே போதும். கொடுத்த விடைகளில் இரண்டைக் கழித்து விடலாம். 2023-ல் அந்த யுக்திக்கும் ஆபத்து வந்தது. "மேலே கண்டவற்றில் எத்தனை சரி? ஒன்றா, இரண்டா, மூன்றுமா, எதுவும் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றும் தெரிந்தால்தான் பிழைக்கலாம். அந்த ஆண்டு பொதுப் பிரிவில் முதல் நிலையைத் தாண்டுவதற்கு வேண்டியிருந்த மார்க்கு 200-க்கு 75.41 தான். நூற்றுக்கு நாற்பது கூட இல்லை!

2024-ம் ஆண்டுப் பரீட்சைக்கு மனுப் போட்டவர்கள் 9 லட்சத்து 92 ஆயிரத்து 599 பேர். வந்து எழுதியவர்கள் 5 லட்சத்து 83 ஆயிரத்து 213. அதில் தேறி முதன்மைப் பரீட்சைக்குப் போனவர்கள் 14,627. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845. கடைசியில் உத்தியோகத்துக்குச் சிபாரிசு செய்யப்பட்டவர்கள் 1,009 பேர். அதாவது எழுதியவர்களில் ஏறத்தாழ 578 பேருக்கு ஒருவர்!

லண்டனிலிருந்து அலகாபாத்துக்கு

இந்தப் பரீட்சைக்கு வயது 170 ஆண்டுக்கு மேல். 1855-ல் லண்டனில் முதல் போட்டிப் பரீட்சை நடந்தது. எழுத வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும். அப்படிப் போய் 1863-ல் தேறிய முதல் இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர். மகாகவி தாகூரின் அண்ணன். பிறகு வயது வரம்பை 19 ஆகக் குறைத்து இந்தியர்களுக்கு வாசலை மேலும் குறுக்கினார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி ஊர் ஊராகப் போய்க் கிளர்ச்சி செய்தார். 1922-ல்தான் பரீட்சை இந்தியாவிலும், அலகாபாத்தில், நடக்கத் தொடங்கியது. 1926-ல் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வந்தது. குடியரசு பிறந்த 1950 ஜனவரி 26 அன்று அது யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஆயிற்று.

இப்போது உள்ள மூன்று அடுக்கு முறை கோத்தாரி கமிட்டியின் சிபாரிசுப்படி 1979-ல் வந்தது. 2013-ல் முதன்மைப் பரீட்சையை மாற்றி, பொது அறிவுத் தாள்களை நான்காக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 250 மார்க்கு. விருப்பப் பாடம் இரண்டாக இருந்தது ஒன்றாகக் குறைந்தது. அன்றிலிருந்துதான் பத்திரிகைக்கு யோகம்! பொருளாதாரம், அரசு நிர்வாகம், வெளிநாட்டு உறவு, சுற்றுப்புறச் சூழல், எதை எழுதினாலும் நேற்றைய செய்தியைத் தொடாமல் விடை நிறைவதில்லை.

ஒரு மசோதா சொல்லிக் கொடுத்த பாடம்

பத்திரிகைச் செய்தி எப்படிப் பாடமாகிறது? தமிழ்நாட்டு வாசகர்கள் எல்லோரும் அறிந்த ஒரு விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

2025 ஏப்ரல் 9 அன்று காலை எல்லாப் பத்திரிகைகளிலும் கொட்டை எழுத்தில் ஒரே செய்தி. தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று முதல் நாள் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தது. பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றிய மசோதாக்கள். கவர்னர் ஒப்புதலை நிறுத்தி வைத்தார். 2023 நவம்பரில் சட்டசபை மறுபடியும் கூடி அவற்றை நிறைவேற்றியது. பிறகு கவர்னர் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பினார். அது சட்டப்படி செல்லாது என்றது கோர்ட்டு.

டீக்கடையில் இந்தச் செய்தியைப் படித்தவர்கள் "யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி?" என்று பேசினார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர் அதைப் பேசவில்லை. அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து 200-வது பிரிவைப் புரட்டினார்.

மசோதா வந்தால் கவர்னர் என்ன செய்யலாம்? ஒப்புதல் தரலாம். நிறுத்தி வைக்கலாம். ஜனாதிபதியின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். திருப்பி அனுப்புவதானால் "எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில்" என்கிறது சட்டம். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இந்த மௌனத்தில்தான் விவகாரமே முளைத்தது!

புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு 200-வது பிரிவு ஒரு பக்கத்து மூலையில் கிடக்கும் சில வரிகள். பத்திரிகையையும் சேர்த்துப் படித்தவருக்கு அது ஒரு பெரிய கதவு. அதைத் திறந்தால் 201-வது பிரிவு. அதற்கு அப்பால், முழு நீதி வழங்கச் சுப்ரீம் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தைச் சொல்லும் 142-வது பிரிவு. மாநில உரிமை பற்றிப் பேசிய கமிட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்நாடு 1969-ல் அமைத்த ராஜமன்னார் கமிட்டி. 1983-ல் அமைந்த சர்க்காரியா கமிஷன். 2010-ல் அறிக்கை தந்த பூஞ்சி கமிஷன். கவர்னர் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று பூஞ்சி கமிஷன் முன்பே சொல்லியிருந்தது. துணைவேந்தர் விவகாரம் என்பதால் கல்வியும் உள்ளே வருகிறது. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது எப்போது? 1976-ல், 42-வது திருத்தத்தால்.

ஒரு செய்தியில் எத்தனை பாடம் பாருங்கள்!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2025 மே 13 அன்று ஜனாதிபதி 14 கேள்விகளைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் கோர்ட்டு கெடு விதிக்க முடியுமா என்பது அவற்றில் ஒன்று. இப்படிக் கேட்க இடம் தருவது 143-வது பிரிவு. மாணவர் மறுபடியும் பழைய ஏட்டைப் புரட்டினார். 1958-ல் கேரளக் கல்வி மசோதா இதே வழியில்தான் கோர்ட்டுக்குப் போயிற்று. 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்கு எதிராகக் கர்நாடகம் கொண்டு வந்த அவசரச் சட்டமும் இந்த வழியில்தான் போய், செல்லாது என்று ஆயிற்று.

2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தன் கருத்தைச் சொன்னது. கோர்ட்டு கெடு விதிக்க முடியாது; ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்பதும் அரசியல் சட்டத்தில் இல்லை; ஆனால் காரணமே சொல்லாமல் காலவரையறை இல்லாமல் மசோதாவைக் கிடப்பில் போட்டால், முடிவு எடுக்கும்படி கோர்ட்டு குறைந்த அளவில் உத்தரவிடலாம்; திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைக்கவும் கவர்னருக்கு அதிகாரம் இல்லை. இதுவே அதன் சாரம்.

ஏப்ரலில் மையால் எழுதிய குறிப்பு நவம்பரில் மாறி விட்டது! பழைய குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்து கொண்டு போனவர் கதி என்ன? அனுபவசாலிகள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, எதிர்ப் பக்கத்தைக் காலியாக விடுவதன் ரகசியம் இதுதான்.

முதல் நிலையில் இந்த விவகாரம் இரண்டு, மூன்று வாக்கியங்களாக வரும். முதன்மைப் பரீட்சையில் "ஆராய்க" என்று வரும். நேர்முகத்தில்? 275 மார்க்கு உள்ள அந்த அறையில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவரைப் பார்த்து, "உங்கள் ஊர் மசோதா பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வது? கட்சி மேடையில் பேசுவது போலப் பேசினால் காரியம் கெட்டது. "அபிப்பிராயம் இல்லை" என்றாலும் கெட்டது. இரு தரப்பு நியாயத்தையும் எடுத்து வைத்து, தன் முடிவையும் பணிவாகச் சொல்ல வேண்டும். அதைப் புத்தகம் சொல்லித் தராது.

சைக்கிளில் கடந்த கண்மாய்

இன்னொரு வேடிக்கை. ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போதெல்லாம் சக்கரக்கோட்டைக் கண்மாயைப் பார்த்திருப்பான். குளிர்காலத்தில் பறவைகள் வந்து இறங்கும். அது அவனுக்குக் கண்மாய், அவ்வளவுதான்.

2025 பிப்ரவரியில் உலக ஈரநில தினத்தை ஒட்டி அந்தக் கண்மாயும், அதே மாவட்டத்துத் தேர்த்தங்கல் கண்மாயும் ராம்சார் பட்டியலில் சேர்ந்து விட்டன. தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆயிற்று. எந்த மாநிலத்துக்கும் அப்போது அத்தனை இல்லை. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ஊர். 1971-ல் ஈரநிலங்களைக் காக்க அங்கே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்தது கோடியக்கரை, 2002-ல்.

பையன் வாலிபனாகிச் சென்னை வந்து, ஒரு பயிற்சி வகுப்பில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை மனப்பாடம் செய்கிறான். "சக்கரக்கோட்டை, ராம்சார் தலம், தமிழ்நாடு." சில நிமிஷம் கழித்துத்தான் புரிகிறது, அது தன் ஊர்க் கண்மாய் என்று!

இப்படி எத்தனையோ. மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைத்த புவிசார் குறியீடு பத்திரிகையில் வருகிறது. அந்தக் குறியீட்டை இந்தியா முழுவதற்கும் பதிவு செய்யும் அலுவலகம் சென்னையில், கிண்டியில்தான் இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் தினம் போகிற மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரட்டைச் சுமை

தமிழில் படித்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. முதன்மைப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்திலும் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழில் பேசலாம். ஆனால் கேள்வித்தாள்? ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது.

இந்தி மாணவர் கேள்வியைத் தன் மொழியிலேயே படிக்கிறார். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் படித்து, மனத்தில் தமிழாக்கி, தமிழில் எழுத வேண்டும். 3 மணி நேரத்தில் 20 கேள்விகளுக்கு. அதாவது கேள்விக்கு 9 நிமிஷம்!

வார்த்தைகள் வேறு வாட்டுகின்றன. பட்ஜெட் செய்தியில் "பற்றாக்குறை" என்று தமிழ்ப் பத்திரிகை போட்டு விட்டுப் போய் விடுகிறது. வருவாய்ப் பற்றாக்குறையா, நிதிப் பற்றாக்குறையா? இரண்டும் வேறு. ஒன்றுக்கு ஒன்றை எழுதினால் மார்க்கு போயிற்று. "பிஸ்கல் டெபிசிட்" என்றால் இது, "ரெவின்யூ டெபிசிட்" என்றால் அது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பெயர்களை ஞாபகம் வைக்க வேண்டும். அதனால்தான் பலர் தமிழ்ப் பத்திரிகை ஒன்று, ஆங்கிலப் பத்திரிகை ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். தமிழில் நல்ல மாதக் குறிப்பும், நம்பிக்கையான கலைச்சொற்களும் இன்னும் ஏராளமாக வர வேண்டியிருக்கிறது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

2013 மார்ச்சில் இருந்த உரிமைக்கே ஆபத்து வந்தது. தாய்மொழியில் எழுதுவதற்குப் புது நிபந்தனைகள் போட்டார்கள். பார்லிமெண்டில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கொதித்து எழுந்தார்கள். நிபந்தனைகள் வாபஸ் ஆயின. 2011-ல் வந்த திறனறித் தாள் கிராமத்து மாணவர்களுக்கும் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் பாதகமானது என்று டில்லியில் பெரிய கிளர்ச்சி நடந்தது. 2015-லிருந்து அந்தத் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும், மார்க்கு கணக்கில் சேராது என்று ஆக்கினார்கள்.

நிலத்தடியில் ஒரு நூலகம்

டில்லியில் பழைய ராஜிந்தர் நகர் என்று ஒரு பகுதி. சந்துக்குச் சந்து பயிற்சி வகுப்புகள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து, சின்னஞ்சிறு அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

2024 ஜூலை 27 அன்று மாலை பெருமழை. தெருவில் நின்ற வெள்ளம் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலத்தடித் தளத்துக்குள் திடுதிடு என்று புகுந்தது. அங்கே நூலகம் நடத்திக் கொண்டிருந்தார்கள். படித்துக் கொண்டிருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். மூன்று பேரால் வர முடியவில்லை. இரண்டு பெண்கள், ஒரு வாலிபர்.

மறுநாள் அதே தெருவில் மாணவர்கள் உட்கார்ந்து விட்டார்கள். நாட்டு நடப்பைப் படிக்கப் போனவர்களே அன்றைய பத்திரிகையில் செய்தி ஆனார்கள். நகர நிர்வாகம், கட்டிட விதி, வடிகால், லைசென்சு என்று எதைப் பாடமாகப் படித்தார்களோ, அது எல்லாம் பொய்த்துப் போனதன் விளைவு அங்கே கிடந்தது. நிலத்தடித் தளங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று.

டில்லிக்குப் போகாமல் இங்கேயே படிக்க முடியாதா? முடியும். சென்னையில் தமிழக சர்க்காரின் பயிற்சி மையம் நெடுங்காலமாக நடக்கிறது. 2023-லிருந்து "நான் முதல்வன்" திட்டத்தில், ஒரு தேர்வு வைத்து 1,000 பேரைப் பொறுக்கி, முதல் நிலைக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் தர ஏற்பாடு ஆயிற்று. முதல் நிலையில் தேறினால் 25,000 ரூபாய். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் காலையில் இதே கூட்டம்தான். வீட்டில் மின்விசிறி இல்லாத பிள்ளைக்கு அந்த மேசையும் வெளிச்சமும் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய பேப்பர்

பொதுப் பிரிவில் 32 வயது வரை, ஆறு தடவை எழுதலாம். பிற்பட்டோருக்கு 35 வயது, ஒன்பது தடவை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 37 வயது வரை. எத்தனை தடவை என்ற கணக்கு இல்லை.

ஆறு தடவை என்றால் ஆறு ஆண்டுப் பத்திரிகை! கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய் விடுவார்கள். கல்யாணப் பத்திரிகைகள் வரும். ஊருக்குப் போனால், "பரீட்சை என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் தீபாவளிக்கே போவதில்லை. இத்தனை படித்ததும் வீணா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. மாநில சர்வீஸ் கமிஷனின் குரூப்-1, குரூப்-2 பரீட்சைகளிலும் பாங்குப் பரீட்சைகளிலும் இதே படிப்பு கை கொடுக்கிறது. ஆனால் அதற்கும் வயது இருக்கும்போதே திரும்ப வேண்டும். எந்த ஆண்டு திரும்புவது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது லாபமும் இல்லை.

அண்ணா நகர் வட்டாரத்தில் இவர்கள் கூடித் தங்கியிருக்கும் அறைகளுக்கு மாதம் ஒரு தடவை பழைய பேப்பர்காரர் வருகிறார். தராசை எடுக்கிறார். கட்டுக் கட்டாகப் பத்திரிகைகள் வெளியே வருகின்றன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நடுவில் கத்தரித்து எடுத்த சதுர ஓட்டைகள். "ஓட்டைப் பேப்பருக்கு எடை குறையுமே!" என்று அவர் சிரிக்கிறார்.

கட்டு வண்டியில் ஏறுகிறது. அறைக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வருகிறார். "அண்ணே, கொஞ்சம் இருங்க! நவம்பர் 21-ந் தேதிப் பேப்பர் அதில் போயிட்டது. அதை நான் இன்னும் படித்து முடிக்கலை!"